காரின் உயரத்தைக் குறைத்தால் ஸ்ட்ரட் பாரும் கட்டாயமா?

கேள்வி:
வணக்கம். என்னுடைய ஹேட்ச்பேக் காரில் நான்கு ஸ்பிரிங்குகளையும் மாற்றி, உயரத்தை ஏறத்தாழ 35 மி.மீ. குறைத்திருக்கிறேன். ஷாக் அப்சார்பர்கள் காருடன் வந்தவையே. முன்புறம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்தது), பின்புறம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கத்தக்க உத்திரம்). இறக்கிய காரில் பாடி முறுக்கிக்கொள்ளும் என்றும், அதனால் முன்னால் ஒரு ஸ்ட்ரட் பாரும் (இரு ஸ்ட்ரட்டுகளின் மேல்முனைகளை இணைக்கும் கம்பி) அடியில் ஒரு பிரேஸும் (வலுவூட்டும் சட்டம்) போட்டே ஆக வேண்டும் என்றும் வேலை செய்துகொடுத்தவர் சொல்கிறார். மேடு பள்ளமான திருப்பங்களில் ஸ்டியரிங் தானாகச் சற்று இழுபடுவதை நானும் உணர்கிறேன். இது பாடி நெகிழ்வதால் வருவதா? பார் போட்டால் நின்றுவிடுமா?

மறுமொழி 1:
உயரம் குறைந்ததால் மட்டும் பாடி பலவீனமாகிவிடாது. அதே தகடும் அதே வெல்டிங்கும்தான் இன்றும் இருக்கின்றன. மாறியிருப்பது அதன் மேல் வந்து சேரும் விசை. மெக்ஃபெர்சன் அமைப்பில் ஸ்ட்ரட்டின் மேல்முனை நேரடியாக ஸ்ட்ரட் டவரில் (பாடியில் அதைத் தாங்கும் உயர்ந்த பகுதி) பொருந்துவதால், ஸ்பிரிங்கின் விசையோடு திருப்பத்தில் எழும் பக்கவாட்டு விசையின் ஒரு பகுதியும் அந்த டவருக்கே போகிறது. ஸ்பிரிங் மிகக் கடினமாகவும் டயரின் பிடிப்பு அதிகமாகவும் இருக்கும்போது இரு டவர்களுக்கும் இடையிலான தூரம் சிறிதளவு மாறக்கூடும். அதைத் தடுப்பதுதான் ஸ்ட்ரட் பாரின் வேலை. உங்கள் கார் அந்த நிலையில் இருப்பதாகத் தோன்றவில்லை.

நீங்கள் சொல்லும் இழுப்பு பெரும்பாலும் பம்ப் ஸ்டியர். கார் இறங்கியதும் லோயர் ஆர்மும் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கரம்) டை ராடும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்துடன் இணைக்கும் தண்டு) தம் பழைய சாய்வை இழக்கின்றன. சக்கரம் மேலும் கீழும் போகும்போது இரண்டும் வெவ்வேறு வளைவில் நகர்ந்தால், நீங்கள் திருப்பாமலேயே டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். எத்தனை பார் போட்டாலும் இது தீராது. இன்னொன்று, ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விட்டால், முன்புற ரோல் சென்டர் (திருப்பத்தில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். தாழ்ந்த கார் சாயாது என்பது பொதுவான நம்பிக்கை. ஸ்பிரிங் போதிய அளவு கடினமாக இல்லாவிட்டால் அது முன்பைவிட அதிகமாகவே சாயலாம்.

முதலில் வீல் அலைன்மென்ட் பாருங்கள். ஆர்மின் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது மீண்டும் இறுக்கினார்களா என்றும் கேளுங்கள். தூக்கி நிறுத்திய நிலையிலேயே இறுக்கியிருந்தால், ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் பார் வெறும் அலங்காரம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கூரையில்லாத என் பழைய காரில் அது ஸ்டியரிங்கின் உணர்வைத் தெளிவாகவே மாற்றியது. வாங்கும் முன் அளந்து பார்க்கலாம். ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு குழாய்களை ஒவ்வொரு டவரிலும் ஒன்று வீதம் பொருத்தி, உள்குழாயின் மேல் ஒரு ஓ-ரிங்கை வெளிக்குழாயின் விளிம்பை ஒட்டி நிறுத்திவிட்டு, வழக்கமாகப் போகும் திருப்பங்களில் ஓட்டிவிட்டு வாருங்கள். டவர்கள் நெருங்கியிருந்தால் ரிங் தள்ளப்பட்டிருக்கும். அசையவே இல்லையென்றால் பணம் மிச்சம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அலைன்மென்ட் பார்த்ததில் முன்சக்கரங்கள் இரண்டும் டோ-அவுட் பக்கம் (முன்முனை வெளிநோக்கி) விலகியிருந்தன. சரிசெய்தபின் இழுப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் பெரிய பள்ளத்தில் இறங்கும்போது முன்னால் 'டங்' என்று ஒரு அடி கேட்கிறது.

மறுமொழி 1:
அது பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் முழுதாக அழுந்தும்போது தடுக்கும் கட்டை) இடிக்கும் ஒலியாக இருக்கலாம். சக்கரம் மேலேறுவதற்கு இருந்த இடத்தில் 35 மி.மீ. போய்விட்டது, போதாக்குறைக்கு, பழைய ஷாக் அப்சார்பர் இந்த ஸ்பிரிங்கின் கடினத்துக்காக அமைக்கப்பட்டதும் அல்ல. அப்படி இடிக்கும் ஒவ்வொரு முறையும் டவர் வாங்கும் அடி, திருப்பத்தில் வரும் விசையைவிட மோசமானது. பாருக்கு ஒதுக்கிய பணத்தில், தாழ்ந்த ஸ்பிரிங்குக்கென்றே வரும் குட்டையான ஷாக் அப்சார்பர்களை வாங்குங்கள். ஆன்டி ரோல் பாரின் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்குகள் எதிலும் உரசுகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.