புதுப்பிப்பு: பின்பக்கச் சத்தம், இடது வீல் பேரிங்தான்

கார் 50 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் பின்னாலிருந்து 'ஊம்'மென்று சத்தம், வேகம் கூடக்கூட அதுவும் கூடுகிறது என்று கேட்டிருந்தேனே, பிடித்தாச்சு: இடது பின்சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் வளையமான பேரிங்தான் காரணம்.

பலர் டயர் என்றீர்கள். முன்டயர்களைப் பின்னால் போட்டும் சத்தம் நகரவில்லை. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கிளட்சை மிதித்தும் குறையவில்லை. ஆக, எஞ்சின் இல்லை. வலப்பக்கம் வளையும்போது மட்டும் அதிகமானது. அப்போது பாரம் இடது சக்கரத்தில்தானே விழும்!

பொம்மனஹள்ளி மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தூக்கி, "தம்பி, சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கற சஸ்பென்ஷன் ஸ்பிரிங்ல விரல வச்சுப் பாருங்க" என்று சக்கரத்தைச் சுற்றினார். இடதில் மணல் அரைபடுகிற மாதிரி நறநறவென்று அதிர்வு விரலில் ஏறியது, வலதில் ஒன்றுமில்லை. அருமையான சோதனை, செலவே இல்லை.

ஹப்போடு (சக்கரம் பொருத்தப்படும் நடுப்பகுதி) பேரிங் மாற்றியாச்சு. 80-லும் சத்தமில்லை. வலது பேரிங் நன்றாயிருக்கிறது, தொடவேண்டாம் என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.