புதுப்பிப்பு: அம்மாவின் கடைவாய்ப்பல்

அம்மாவின் கடைவாய்ப்பல் வலிக்குப் பல்லைப் பிடுங்குவதா, வேர் சிகிச்சை செய்வதா என்று முன்பு கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. கீழக்கரையில் எங்கள் குடும்பம் வழக்கமாகச் செல்லும் பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சொத்தை பற்கூழ் (பல்லின் உள்ளே நரம்புகள் உள்ள மென்மையான பகுதி) வரை இறங்கிவிட்டதால் வெறுமனே அடைத்தால் வலி நிற்காது என்றும், வேர் உறுதியாக இருப்பதால் பிடுங்கத் தேவையில்லை என்றும் விளக்கினார். மரத்துப்போக ஊசி போட்டு, கெட்டுப்போன கூழை நீக்கி, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து நிரப்பினார். அவ்வாறு சிகிச்சை பெற்ற கடைவாய்ப்பல் மெல்லும் அழுத்தத்தில் உடையக்கூடும் என்பதால் மேலே உறையும் போட்டாயிற்று.

பல் மருத்துவரிடம் பற்களைச் சுத்தம் செய்தால் அவை ஆடத் தொடங்கும் என்று சிலர் எச்சரித்திருந்தீர்கள். இந்த அச்சம் நம் ஊர்ப்பக்கம் பரவலாக இருந்தாலும் நான் அதை ஏற்கவில்லை. ஈறுக்கடியில் இறுகிய காரையில் (பல்லில் படிந்து கெட்டியான அழுக்கில்) தங்கும் கிருமிகளால் ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதே ஆட்டத்திற்குக் காரணம். காரை நீங்கியதும் அந்த ஆட்டம் வெளிப்படையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சில நாட்கள் கூச்சம் இருக்கும்.

சிறுவயதில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்ததால் தங்கையின் பற்களில் ஏற்பட்ட பழுப்புத் திட்டுகள் மட்டும் சுத்தம் செய்தும் போகவில்லை. அவை எனாமலுக்குள்ளேயே உருவானவை. பல் நிறப் பூச்சால் மறைக்கலாம் என்கிறார் மருத்துவர். அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை.