மறு: நார்மல் கனமீட்டருக்குத் தமிழ்: "இயல்பு" வேண்டாமே

ஐயா, வணக்கம்.

> "இயல்புக் கனமீட்டர்" என்றே வைத்துக்கொள்ளலாம், எளிதாக இருக்கிறது.

நார்மல் கனமீட்டர் என்பது குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஒரு கனமீட்டர் இடத்தை அடைக்கும் வாயுவின் அளவு. அதற்கு நீங்கள் சொன்ன "இயல்பு"தான் எனக்கு இடிக்கிறது. நான் இருப்பது ஊட்டியில், சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் வழியாக லாரியில் ஏறி வரும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டருக்கு 7 கனமீட்டர் என்று கணக்கு. அதை இங்கே ஒரு பெரிய பைக்குள் திறந்துவிட்டால் சுமார் 9 கனமீட்டர் இடத்தை அடைக்கும். மலையில் இருப்பவர்களுக்கு அந்த 9தானே இயல்பு? ஆனால் வாயு ஒரு கிராம்கூடக் கூடவில்லை.

ஆக, இந்த அலகு இடத்தை அளப்பது போலத் தோன்றினாலும் சரக்கு எவ்வளவு என்று சொல்லத்தான் வந்திருக்கிறது. சொல்லைப் பார்த்ததுமே நிறையைக் கணக்கிட முடிய வேண்டும்.

கணக்கு சின்னதுதான்: கனஅளவை மோலார் கனஅளவால் (ஒரு மோல் வாயு அடைக்கும் இடம்) வகுத்து மூலக்கூறு நிறையால் பெருக்க வேண்டும். எந்த மோலார் கனஅளவு என்பதில்தான் சிக்கல். 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம் என்றால் 22.414 லிட்டர். 1982-ல் ஐயுபேக் (உலக வேதியியல் அமைப்பு) அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது, அதன்படி 22.711. இயற்கை எரிவாயுக்காரர்கள் 15 டிகிரியில், 1 வளிமண்டல அழுத்தத்தில் அளப்பார்கள், அப்போது 23.645. அதே 7 கனமீட்டர் ஆக்சிஜன் முதல் கணக்கில் 10 கிலோ, கடைசிக் கணக்கில் 9.5 கிலோ. ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருப்பு எழுதுபவருக்கு சிலிண்டருக்கு அரைக் கிலோ இடித்தால் சும்மா விட முடியாது.

என் முன்மொழிவு "திட்டக் கனமீட்டர்". பள்ளிப் பாடநூலில் "திட்ட வெப்ப அழுத்த நிலை" ஏற்கெனவே இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பழகிய சொல். ஸ்டாண்டர்டு என்பதற்கு ஈழத்து நண்பர்கள் எழுதும் "நியம" எனக்கும் பிடிக்கும். அவர்கள் "நியமக் கனமீட்டர்" என்று எழுதினாலும் குழப்பம் வராது. எப்படி எழுதினாலும் வெப்பநிலையை முன்னால் ஒட்டியே தீரவேண்டும்: "0° திட்டக் கனமீட்டர்", "15° திட்டக் கனமீட்டர்". அழுத்தம் 1 வளிமண்டலமாக இல்லாவிட்டால் அதையும் சொல்லிவிட வேண்டும். நீளமாகிறது என்பீர்கள். ஆகட்டும் ஐயா, அந்த எண் இல்லாமல் நிறையே வராது.

அப்புறம், அந்தந்த ஊர் அழுத்தத்தில், வெப்பத்தில் நேரே அளக்கும் அளவுக்கும் ஒரு சொல் தேவை. "களக் கனஅளவு" என்று யோசித்தேன்; கள, கன இரண்டும் அடுத்தடுத்து வந்து காதில் குழம்புகிறது. "இடநிலைக் கனஅளவு" சரிப்படுமா? குழுவில் உள்ளவர்கள் சொல்லுங்கள்.