அத்திரம்பாக்கம் வயது: மண்ணில் உள்ள யுரேனியம், தோரியம் கணக்கைக் கெடுக்காதா?

செங்கல்மேடு:
திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் இடைப் பழங்கற்காலக் கருவிகள் கிடைத்த அடுக்குக்கு 3,85,000 ஆண்டு, அதில் 64,000 கூடலாம் குறையலாம் என்று 2018இல் வெளியிட்டார்கள். மண்ணில் இயல்பாகவே கதிரியக்கம் உண்டு. மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கொட்டிக் கிடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வயது தப்பாக வராதா? கரித்துண்டுக்கும் இதே சிக்கலா?

குழிமண்:
ஒளிர்வுமுறை ஆய்வுக்கூடத்தில் மண் மாதிரி தயாரிப்பது என் வேலை, அதனால் சொல்கிறேன். கரித்துண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பக்கத்தில் எவ்வளவு தோரியம் இருந்தாலும் கார்பன்-14 தன் வேகத்தில்தான் சிதையும். ஆனால் ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு அப்பால் அது உதவாது. அத்திரம்பாக்கத்தில் கையாண்டது ஒளிர்வுமுறை. அதற்கு மண்ணின் கதிரியக்கம்தான் கடிகாரம்.

வெயில் பட்டுப் பழைய சேமிப்பு காலியான மணல்துகள், புதைந்த நாளிலிருந்து யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 விடும் கதிர்களின் ஆற்றலைச் சேமிக்கிறது. அதை ஆய்வுக்கூடத்தில் ஒளியாக வெளிவரச் செய்து அளப்பதுதான் ஒளிர்வுமுறை. கொஞ்சம் விண்கதிரும் சேரும். சேர்ந்தது 300 கிரே (உள்வாங்கிய கதிரின் அலகு), ஆயிரம் ஆண்டுக்கு 3 கிரே வீதம் என்றால் வயது ஒரு லட்சம் ஆண்டு. வீதத்தை 2.5 என்று அளந்துவிட்டால் 1,20,000 ஆகிவிடும். தோரியம் மிகுந்த மண்ணில் துகள் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் மிகப் பழைய காலத்துக்கு எட்டாது. மற்றபடி அளவு கூடுதலோ குறைவோ, சரியாக அளந்தால் போதும்.

என்னை உண்மையில் அலைக்கழிப்பது தண்ணீர். ஈரம் கதிரை விழுங்கும். மண்ணின் ஈரம் நூற்றுக்கு ஒன்று கூடினால் வயதும் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்று கூடும். இன்று வெடித்துக் காய்ந்து கிடக்கும் களிமண் லட்சம் ஆண்டாக எவ்வளவு ஊறியிருந்தது என்பதை ஊகிக்கத்தான் முடியும். போதாததற்கு, நீர் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு போகும்; தோரியம் எளிதில் கரையாது. யுரேனியம் சிதைகையில் உண்டாகும் ரேடான் வாயுவாகத் தப்பிவிடும். இந்த முறையில் கூடுதல் குறைவு பெரிதாக நிற்பதற்கு இவையெல்லாம் காரணம்.

காமா கதிர் சுமார் 30 செ.மீ. தூரத்திலிருந்து வரும். அதனால் குழாய் அடித்து மாதிரி எடுத்த அதே துளையிலேயே காமா அளவியைச் செருகி அளப்பது நல்லது. அருகில் ஒரு பெரிய கல் இருந்தாலே வீதம் மாறும்.

வைகைக்கரை:
வயலில் எடுத்த கருப்பு-சிவப்பு ஓடு ஒன்றைக் கழுவி வைத்திருக்கிறேன் அண்ணா. வயது பார்க்கலாமா?

குழிமண்:
ஓட்டுக்குள் உள்ள கதிரியக்கத்தை அளந்துவிடலாம் தம்பி. வெளியிலிருந்து வந்த காமா எவ்வளவு என்று சொல்ல வேண்டிய மண்ணைத்தான் கழுவிவிட்டீர்கள். அது இல்லாமல் தோராயமான வயதுதான் கிடைக்கும். பானையைப் பத்திரப்படுத்திவிட்டு அதைச் சுற்றியிருந்த மண்ணைக் கொட்டிவிடும் அகழாய்வுக் குழிகளையும் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். இனி ஏதாவது தென்பட்டால் தொடாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் எடுக்கும்போது ஓட்டை ஒட்டிய மண்ணையும் ஈரம் போகாமல் காற்றுப் புகாத பையில் கட்டச் சொல்லுங்கள்.