புதுப்பிப்பு: விரிசல் விட்ட கண்ணாடிப் பதக்கம்

சூளையிலிருந்து முழுசாக வந்த பதக்கம் மறுநாள் காலை இரண்டாகப் பிளந்து கிடந்தது ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி மேல் பச்சை பாட்டில் துண்டை வைத்து உருக்கியிருந்தேன். இரண்டும் ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஆறும்போது ஒரே அளவில் சுருங்காது. அந்த இழுவிசை உள்ளேயே தங்கி, பிறகு உடைக்கிறது.

இந்த முறை ஒரே ஜன்னல் கண்ணாடித் தகட்டிலிருந்து இரண்டு துண்டும் வெட்டினேன். 820 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றினேன். இறங்கும்போது, அந்த இழுவிசை தளரட்டும் என்று 550 அருகே அரை மணி நேரம் நிறுத்தினேன். அப்புறம் விடியும்வரை சூளையைத் திறக்கவே இல்லை. அந்தப் பொறுமைதான் உண்மையான வேலை!

பத்து நாள் ஆகிறது, ஒரு கீறல்கூட இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வளையம் வாங்கிக் கோத்தேன். இப்போது அம்மா கழுத்தில் இருக்கிறது.