பாட்டுக்குள் இருக்கும் பழைய பாட்டு: கேட்டவர்களின் அனுபவப் பகிர்வு

தாமிரபரணி:

திரைப்பாடலின் ஒரு வரி எந்தப் பழம்பாடலிலிருந்து கிளைத்தது என்று நூல்களில் படித்திருப்போம். ஆனால் எதிர்பாராத ஓர் இடத்தில் அவ்விரண்டும் ஒருசேர வந்து நம் முன் நின்ற அனுபவம் சிலருக்கேனும் வாய்த்திருக்கும். அத்தகைய அனுபவங்களை எழுதுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொண்டு, என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

கல்லூரியில் இளங்கலை வகுப்புக்குப் புறநானூற்றின் 112-ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். பறம்பு மலையை (இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பர்) மூவேந்தரும் முற்றுகையிட்டு, பாரி மாய்ந்த பிறகு, அவன் மகளிர் பாடிய ஐந்தடிப் பாடல் அது. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்’ என்று முதலடியை நான் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மெட்டு முனகலாகக் கிளம்பியது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாதி வகுப்பு அதில் சேர்ந்துகொண்டது. 1997-இல் வெளிவந்த ‘இருவர்’ படத்துக்காக வைரமுத்து எழுத, ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த ‘நறுமுகையே’ பாடலின் மெட்டு. அந்தப் படம் வந்தபோது அவர்களில் ஒருவர்கூடப் பிறந்திருக்க மாட்டார்கள்.

அவர்களைப் பாடவிட்டேன். முடிந்ததும் மீதி நான்கடிகளைக் கரும்பலகையில் எழுதினேன்:

எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

அன்றைய நிலவில் தந்தை இருந்தார், மலையும் கைவிட்டுப் போகவில்லை. இன்றைய நிலவில் மலையும் போயிற்று, தந்தையும் இல்லை. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முதல் வரிசையிலிருந்த மாணவி ஒருவர், “ஐயா, ஒப்பாரியை எடுத்தா காதல் பாட்டுக்கு வச்சாங்க?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. திரைப்பாடலில் வரும் பெண், அன்றொரு நிலவில் தான் பொய்கையாடியபோது தன்னை ஒற்றைப் பார்வை பார்த்தவன் இவன்தானா என்று வினவுகிறாள். பாரி மகளிருக்கு நிலவு ஒன்றுதான் மாறாதிருக்கிறது, ஏனையவெல்லாம் மாறிவிட்டன. இவளுக்கோ அன்றைய நிலவே ஆளை அடையாளம் காட்டவந்த சாட்சியாகிறது. இழப்பை உரைக்க எழுந்த அடியை, கண்டடைந்ததை உரைக்கும்படி கவிஞர் திருப்பிவிட்டார் என்பது என் கருத்து. அதே பாடலில் வரும் ‘யாயும் ஞாயும்’ என்ற குறுந்தொகை 40-ஆம் பாடலின் அடி இத்தனை தொலைவு நகரவில்லை. இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம் தலைவன் கூறுவதாகச் செம்புலப்பெயனீரார் பாடியது திரையிலும் காதலர் பேச்சாகவே நிற்கிறது. இடமறிந்து எடுத்தாண்டிருக்கிறார், அவ்வளவே. எனக்கு முன்னதுதான் பெரிய துணிச்சலாகப் படுகிறது.

அந்த மாணவி கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. “அது அவங்க அழுத நிலா ஐயா” என்றார். தேர்வுத் தாளிலும் அதையே காரணகாரியத்தோடு எழுதியிருந்தார்; முழு மதிப்பெண் போட்டேன்.

நொய்யல்:

ஈரோட்டில் அச்சகம் வைத்திருக்கிறேன். திருமண அழைப்பிதழில் போடுவதற்கு இன்பத்துப்பாலில் ஒரு குறள் வேண்டும் என்று மாப்பிள்ளையே நேரில் வந்திருந்தார். ‘குறிப்பறிதல்’ அதிகாரத்தைப் புரட்டி, ‘யான்நோக்கும் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்’ என்ற 1094-ஆம் குறளைப் படித்துக் காட்டினேன். “ஏனுங்ண்ணா, இது ‘நேற்று வரை நீ யாரோ’ பாட்டுல வர்றதுதானுங்களே?” என்று கேட்டுவிட்டு, எதிரில் பேப்பர் கட்டிக்கொண்டிருந்த பையன் காதுபட, ‘உன்னை நான் பார்க்கும்போது’ என்று சரணத்தைப் பாடியே காட்டிவிட்டார். 1965-இல் வந்த ‘வாழ்க்கைப் படகு’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதி, பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடியது.

அவர் போன பிறகு இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்தேன். குறளில் அவள் நிலத்தைப் பார்க்கிறாள் என்பது உண்டு. அவன் அவளைப் பார்க்காத நேரத்தில் எதைப் பார்க்கிறான் என்பது இல்லை. கண்ணதாசன் அவனை விண்ணைப் பார்க்க வைத்து, மண்ணுக்கு இணை தேடிக்கொண்டார். குறளின் உயிர் என்று நான் எண்ணும் ‘மெல்ல நகும்’ அந்த வரிகளில் வரவில்லை. அதை நடிகையின் முகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார் போலும்; படத்துக்கு எழுதுகிறவருக்கு அந்த வசதி உண்டு, வள்ளுவருக்கு இல்லை.

காவிரிக்கரையாள்:

என் அனுபவம் மங்கலமானதன்று. ஆயினும் தலைப்புக்கு உரியது என்பதால் எழுதுகிறேன்.

தஞ்சைப் பக்கம் எங்கள் ஊரில் மாமா காலமானபோது, உடல் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்த இரவில், தாத்தா முறையுள்ள முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து பட்டினத்தார் பாடல்களை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். ‘அத்தமும் வாழ்வும் அகத்துமட்டே’ என்று அவர் தொடங்கியதும், பக்கத்திலிருந்த என் சித்தப்பா, “இதானே வீடு வரை உறவு” என்று தமக்குள்ளாகச் சொல்லிக்கொண்டது காதில் விழுந்தது. 1962-இல் வந்த ‘பாத காணிக்கை’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதி, டி.எம்.சௌந்தரராஜன் பாடிய அந்தப் பாட்டைக் கேட்காத இழவு வீடு எங்கள் பக்கத்தில் குறைவு.

பட்டினத்தார் பாடலில் பொருளும் வாழ்வும் வீட்டோடு நின்றுவிடும்; கண்ணீர் வடிக்கும் மாதர் வீதியோடு நிற்பர்; தலையில் கைவைத்து அழும் மைந்தர் சுடுகாட்டோடு நிற்பர்; இருவினையான புண்ணிய பாவம் மட்டுமே தொடர்ந்து வரும். கண்ணதாசன் அந்தப் படிகளை வரிசை மாறாமல் வைத்துக்கொண்டு, முடிவில் மட்டும் விடையை எடுத்துவிட்டு ‘யாரோ’ என்று கேள்வியாக்கிவிட்டார். துறவி தெரிந்து சொன்னதைத் திரைக்கவிஞர் தெரியாமல் கேட்கிறார். இரண்டில் எனக்குக் கேள்விதான் உண்மைக்கு நெருக்கமாக ஒலிக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது அந்த ‘வீதி’யைப் பற்றி. மறுநாள், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து முடித்து, வாய்க்கரிசி போட்டு, பாடையைத் தூக்கியபோது பெண்களாகிய நாங்கள் அனைவரும் பின்னாலேயே நடந்தோம். தெருமுனை வந்ததும் ஆண்கள் திரும்பி, “பொம்பளைங்கல்லாம் நில்லுங்க” என்றார்கள். அத்தை நிற்கவில்லை. இரண்டு பேர் அவரைத் தோளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. கொள்ளிச்சட்டி ஏந்திய மகன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் அவரும் பார்க்கவில்லை. வீதி என்பது மனைவியின் அன்பு தீர்ந்துபோகும் எல்லை என்றுதான் பட்டினத்தார் பாடலுக்குப் பலரும் பொருள் சொல்லக் கேட்டிருக்கிறேன். திரைப்பாடலைப் பாடும்போதும் அந்த இடத்தில் சிலர் குரலில் ஓர் இளக்காரம் ஏறும். அத்தை நின்ற இடம் அவர் தேர்ந்துகொண்டதன்று. ஊர் வகுத்த எல்லை அது. பெண்களும் இடுகாடு வரை செல்லும் வழக்கம் இருந்திருந்தால் பட்டினத்தார் அந்த அடியை எப்படிப் பாடியிருப்பார் என்று எனக்கு இன்றும் தோன்றுவதுண்டு.

கரிசல்:

மேலே மூவரும் சொன்னவற்றுக்கு நூலில் ஆதாரம் உண்டு. பழைய அடியையும் புதிய அடியையும் பக்கத்தில் வைத்து யாரும் சரிபார்க்கலாம். பாட்டுப் பிறந்த கதைகளில் இன்னொரு வகை உண்டு. ‘இதைக் கவிஞர் இன்னாரை மனத்தில் வைத்து எழுதினார்’ என்று வாய்வழியாக வருபவை. அவற்றில் ஒன்றை அதற்குரிய ஊரிலேயே கேட்டிருக்கிறேன்.

வேலை நிமித்தமாக விருதுநகர் செல்லும்போதெல்லாம் ஒரு குறிப்பிட்ட தேநீர்க் கடைக்குப் போவது வழக்கம். கடைக்காரர் பழைய பாடல்களைத் தவிர வேறு எதுவும் போட மாட்டார். ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் கண்ணதாசன் எழுதிய ‘சிவகாமி மகனிடம்’ என்ற பாட்டு வந்துவிட்டால் பாய்லரை விட்டு வெளியே வந்துவிடுவார். காமராசரின் தாயார் பெயர் சிவகாமி என்பதை ஊருக்குப் புதியவர் எவரேனும் இருந்தால் சொல்லி, காங்கிரசில் சேரும் நாளைக் கேட்டுக் கவிஞர் தலைவருக்கு விட்ட தூது இது என்பார். தமிழ்நாடெங்கும் உலவும் கதைதான். ஆனால் அந்த ஊரில், அந்தக் குரலில் கேட்பதற்குத் தனிச் சுவை உண்டு.

எனக்குக் காலக்கணக்கு உறுத்தியது. கண்ணதாசன் 1961-இல் தி.மு.க.விலிருந்து வெளியேறி ஈ.வெ.கி.சம்பத்தின் தமிழ்த் தேசியக் கட்சிக்குப் போனவர். அந்தக் கட்சி 1964-இல் காங்கிரசோடு இணைந்துவிட்டது. படமோ 1967-இல்தான் வெளிவந்தது. ஏற்கெனவே சேர்ந்த கட்சியில் சேர நாள் கேட்டுத் தூது விடுவானேன்? அந்த 1967-இல்தான் காமராசர் இதே விருதுநகர்த் தொகுதியில் தோற்றார் என்பதும் நினைவுக்கு வந்தது. அதைக் கடையில் எடுக்க மனம் வரவில்லை. ஆண்டுகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “கட்சியில பேரு சேந்துட்டா சேந்ததாயிருமா அண்ணாச்சி? அய்யா பக்கத்துல போயி ஒக்கார வேண்டாமா? அந்த நாளத்தான் கேக்காரு” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.