தவலையில் வெட்டியிருக்கும் எழுத்தைப் படிக்க உதவுங்கள்

செம்பூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். போன வெள்ளிக்கிழமை மும்பையில் பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் ஒரு பித்தளைத் தவலை வாங்கினேன். அதில் வெட்டியிருக்கும் எழுத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். கல்யாணமாகி மும்பை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வீடு சின்னது, ஆசைப்பட்டதையெல்லாம் வாங்கி அடுக்க முடியாது. அதனால் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வாங்குவேன், அதுவும் தமிழ் எழுத்து வெட்டிய பாத்திரமாக இருந்தால் மட்டும். சோர் பஜாரின் மட்டன் தெருக் கடைகள் வெள்ளிக்கிழமை அடைப்பு. ஆனால் அன்றைக்கு விடியுமுன்னே சுற்றியுள்ள தெருக்களில் சாக்கை விரித்துச் சாமான்களைக் கொட்டிவிடுவார்கள். செம்பூரில் முதல் வண்டியைப் பிடித்து, சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கி நடந்தால் இருட்டோடு போய்ச் சேரலாம். டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு தையல் மிஷின் தலைக்கும் நாலைந்து மிக்சி ஜாருக்கும் நடுவில் இந்தத் தவலை கவிழ்ந்து கிடந்தது. டார்ச் வெளிச்சம் சாய்வாகப் பட்டபோது கழுத்துக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. கிட்டே போனால் எழுத்து. கிலோ 700 ரூபாய் என்று சொல்லித் தராசில் வைத்தார். 3 கிலோ 200 கிராம். பேரம் பேசாமல் 2,240 ரூபாய் கொடுத்துவிட்டேன்.

முதலில் 'பாளையங்கோட்டை' என்று இருக்கிறது. அதில் 'ளை' இப்போது நாம் எழுதுகிற மாதிரி இல்லை, தும்பிக்கை போல ஒரு வளைவு ள-வோடு ஒட்டி நிற்கிறது. அடுத்து ஒரு பெண்ணின் பெயர், 'அம்மாள்' என்று முடிகிறது. பெயரை இங்கே போடவில்லை, அவர்கள் வீட்டார் யாராவது எங்கேயாவது இருப்பார்கள். அதற்குக் கீழே 'யுவ', பக்கத்தில் வ-வையும் ரு-வையும் சேர்த்துப் பின்னிய மாதிரி ஒரு குறி. பிறகு 'தை', அதன் பக்கத்தில் வேறொரு குறி. கடைசியில் 'கஉ' என்று இரண்டு எழுத்தும் இன்னொரு குறியும். 'கஉ' இனிஷியல் என்றால் பெயருக்கு முன்னால் அல்லவா வர வேண்டும்?

இன்னும் இரண்டு விஷயம். தவலை நன்றாகக் கறுத்திருக்கிறது. மிஷின் பாலிஷ் கொடுத்தால் புதுசு போல ஆகிவிடும் என்கிறார்கள், கொடுக்கலாமா? அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து தம்பி வருகிறான். படத்தை அனுப்பியதிலிருந்து எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்கிறான். கொண்டுபோக விடுவார்களா?

சயான் கோலிவாடா:

சிஸ்டர், யோசிக்காமல் பாலிஷ் கொடுங்கள். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு, அண்டா எல்லாம் கொடுத்து வாங்கினோம். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. மேலே லாக்கர் அடித்துக் கொடுப்பார்கள், சீக்கிரம் கறுக்காது. 'கஉ' என்பது பாத்திரக் கடைக்காரரின் அடையாளமாக இருக்கும்.

தாராவி 90 அடி ரோடு:

தங்கச்சி, தயவுசெய்து பாலிஷுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குள் இதைப் படித்துவிட வேண்டுமே என்று கடை வேலையை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

முதலில் எழுத்தைப் படித்துவிடலாம். 'யுவ' என்பது வருஷத்தின் பெயர். பிரபவ முதல் அட்சய வரை அறுபது இருக்கிறதே, அதில் ஒன்பதாவது. பக்கத்தில் நீங்கள் சொல்லும் பின்னல் குறி ௵, வருஷம் என்று அர்த்தம். தைக்குப் பக்கத்தில் இருப்பது ௴, மாதம். கடைசிக் குறி ௳, நாள். 'கஉ' இனிஷியலும் இல்லை, கடை அடையாளமும் இல்லை. அது ௧௨, அதாவது 12. தமிழ் எண்ணில் ஒன்று க போலவும் இரண்டு உ போலவும்தான் இருக்கும். ஆக, யுவ வருஷம் தை மாதம் 12-ஆம் நாள். தை மாதம், பெண்ணின் பெயர், தவலை. கல்யாணச் சீர்தான், சந்தேகமே வேண்டாம்.

சரி, எந்த யுவ? அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 1995-96, 1935-36, 1875-76. தும்பிக்கை போட்ட ளை பழைய எழுத்து. ணை, னை, லை, ளை எல்லாவற்றுக்கும் அப்படித்தான் இருந்தது. 1978-இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறியது. பழகிய கை அதற்கப்புறமும் பழைய மாதிரி எழுதியிருக்கலாம். ஆனால் 1995-க்குள் பாத்திரக் கடைகளில் கரண்ட் மிஷின் வந்துவிட்டது, அதில் வெட்டினால் கோடு ஒரே ஓட்டமாக ஓடும். உங்களுடையது புள்ளி புள்ளியாக இருக்கிறது, உளியை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி வெட்டியது. மிச்சம் இரண்டு: 1936 ஜனவரி பிற்பகுதி, இல்லையென்றால் 1876 ஜனவரி பிற்பகுதி.

ங், ட் மேல் புள்ளி இருக்கிறதா, கோ-வுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1876 அளவுக்குப் பழைய கையாக இருந்தால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விடுவதும், கொ-வையும் கோ-வையும் ஒரே கொம்பில் எழுதுவதும் சாதாரணம். நீங்கள் தடங்கலே இல்லாமல் பாளையங்கோட்டை என்று படித்துவிட்டீர்கள். அதனால் என் கணிப்பு 1936.

இப்போது பாலிஷ் ஏன் கூடாது என்பதற்கு வருகிறேன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் பழைய உலோகக் கடை வைத்தவர். 80-களில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். வீட்டுக்கு வீடு பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிய காலம் அது. குடம், தோண்டி, போணி, சருவம் என்று வந்து குவியும். உருக்கக் கொண்டுபோகிறவர்களுக்கு இடத்தை அடைக்கக் கூடாது என்று உளியால் பிளந்து, தட்டித் தட்டையாக்கி மூட்டை கட்டுவார்கள். தட்டையான தகட்டில் பாதிப் பெயர் தெரியும். சாத்தான்குளம், கல்லிடைக்குறிச்சி, நாங்குநேரி என்று ஊர்ப் பெயர் தெரியும். நான் உரக்க வாசிப்பேன், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தத் தகடுகளில்தான். அந்த மூட்டைகள் அத்தனையும் உலைக்குப் போயின. அன்றைக்கு அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு அவள் அப்பா கொடுத்த ஒரு குடம் இருந்தது. கழுத்தில் அவள் பெயரும் ஊரும் வெட்டியது. 2009-இல் தங்கை கல்யாணத்துக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று நான்தான் அதை ஒரு பாலிஷ் கடையில் கொடுத்தேன். பெயரை விட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தங்கம் மாதிரி வந்தது. அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பெயர் இருந்த இடத்தில் கட்டை விரலால் இடமிருந்து வலமாகத் தடவினாள். திரும்ப ஒரு தடவை தடவினாள். "பேரு எங்கலே?" என்று கேட்டாள். ஆறிய தழும்பு மாதிரி இரண்டு மூன்று பள்ளம் மட்டும் மிச்சம். புள்ளி வெட்டுக்கு ஆழமே கிடையாது, நகத்தால் கீறிய அளவுதான். பஃப் சக்கரம் கறுப்பை மட்டும் எடுக்காது, மேல் உலோகத்தையும் சேர்த்துத்தான் அரைத்து எடுக்கும். போன எழுத்தைத் திரும்ப வெட்டலாம். ஆனால் அது தாத்தா வெட்டக் கொடுத்த பெயர் ஆகாது.

தவலையை இப்படிச் சுத்தம் செய்யுங்கள். ஊறவைத்த புளியைக் கரைத்து மெல்லிய துணியால் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். புளியை அப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது, தேங்காய் நார், கம்பி நார் இரண்டும் கூடவே கூடாது. எழுத்து இருக்கும் இடத்தில் அதையும் செய்ய வேண்டாம், கறுப்பு இருக்கட்டும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமானால் விபூதியை விரலால் பூசி, உலர்ந்த துணியால் ஒரு தடவை லேசாக ஒற்றி எடுங்கள். புள்ளிகளில் மட்டும் வெள்ளை தங்கிவிடும். பிறகு மெல்லிய காகிதத்தை இறுக்கிப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துப் படி எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இப்படி எடுத்த படிகள் 140-க்கு மேல் ஒரு நோட்டில் இருக்கின்றன. பாத்திரம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்றில்லை. பஜாரில் உட்கார்ந்து, வியாபாரியிடம் கேட்டுவிட்டு, காகிதத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்துவிடுவேன்.

அப்புறம் ஒன்று, இதில் சமைக்கும் எண்ணம் இருந்தால் உள்ளே கலாய் பூசாமல் செய்யாதீர்கள். புளி, தக்காளி பட்டால் களிம்பு ஏறிவிடும்.

மாட்டுங்கா:

தாராவித் தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் சேர்க்க நினைப்பது கொஞ்சம்தான்.

தவலைக்குள் கையை விட்டு, வயிற்றுப் பகுதியில் மெல்லத் தடவிப் பாரம்மா. சீப்புப் பல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்த இணைப்பு தட்டுப்பட்டால், தகட்டை இரண்டு மூன்று துண்டாக அடித்து, பல் வெட்டிப் பற்றவைத்தது. சுத்தியல் பட்ட சின்னச் சின்னத் தழும்புகளும் தெரியும். ஒரே வழவழப்பாக இருந்தால் மிஷினில் அமுக்கி எடுத்தது.

உன் தம்பி கொண்டுபோவது பற்றி: 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு வருஷமோ அதற்கு மேலோ ஆன பழம்பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1936 என்றால் அந்தக் கணக்கில் வராது. ஆனால் விமான நிலையத்தில் சுங்க அதிகாரிக்கு ௵ படிக்கத் தெரியும் என்று எதிர்பார்க்க முடியுமா? இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்வதுதான் நல்லது. அவர்களுடைய மும்பை அலுவலகம் சயான் கோட்டையில் இருக்கிறது, உனக்குப் பக்கம்தான். எழுத்தின் பென்சில் படியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கேள்.

என்னைக் கேட்டால் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம். அவருக்கு அந்தப் படியைக் கண்ணாடி போட்டுக் கொடு. பாளையங்கோட்டையிலிருந்து மும்பை வரைக்கும் வந்த பாத்திரம், இங்கேயே இருக்கட்டும்.

செம்பூர்க்காரி:

அண்ணாச்சி, ஐயா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பாலிஷுக்குக் கொடுக்கவில்லை. கோலிவாடா அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அவர் வீட்டு அண்டாவில் பெயர் இல்லாமல் இருந்திருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் விபூதி பூசிப் பார்த்தேன். ங் மேல் புள்ளி இருக்கிறது. ட் மேலும் இருக்கிறது. கோ-வுக்கு இரட்டைச் சுழி. உள்ளே கையை விட்டால் பல் இணைப்பு நன்றாகத் தட்டுப்படுகிறது. ஓரிடத்தில் வெட்டுகிறவரின் உளி தவறியிருக்கிறது போல, 'ம்மா'வில் மூன்று புள்ளி கீழே இறங்கிப் போய்த் திரும்ப வரிசைக்கு வருகிறது.

விபூதி வைத்ததில் இன்னொன்றும் தெரிந்தது. கழுத்தின் மறுபக்கம், கறுப்புக்கு அடியில், வேறு ஒரு பெண்ணின் பெயர். வேறு கை, எழுத்து கொஞ்சம் சின்னது. வருஷமோ ஊரோ இல்லை. அதுவும் புள்ளி வெட்டுதான், ஆனால் அதில் வரும் 'லை' இப்போது நாம் எழுதும் லை. மகளா, மருமகளா தெரியவில்லை. 1978-க்கு அப்புறம்தானே அண்ணாச்சி? அப்படியென்றால் நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து அந்த வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு இதைக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு பெயருக்கும் படி எடுத்துவிட்டேன். தம்பியிடம் ஐயா சொன்னதைச் சொன்னேன், ஒத்துக்கொண்டான். இரண்டு படியையும் ஒரே கண்ணாடிக்குள் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறான்.

இன்று காலை அந்த வியாபாரிக்குப் போன் செய்தேன். தவலை கிடைத்த அதே வீட்டு மூட்டையில் ஒரு செம்பும் ஒரு தூக்குப்போணியும் இருந்தனவாம், இன்னும் விற்கவில்லை, குடோனில் கிடக்கிறது என்றார். உடைக்கக் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறாராம். அண்ணாச்சி, நீங்களும் நோட்டை எடுத்துக்கொண்டு வர முடியுமா? ஐந்தரைக்கெல்லாம் அங்கே இருப்பேன்.

தாராவி 90 அடி ரோடு:

வருகிறேன் தங்கச்சி. அந்தச் சின்ன எழுத்து லை பெரும்பாலும் 1978-க்கு அப்புறம்தான். காகிதம் நான் கொண்டுவருகிறேன், நீங்கள் விபூதி மட்டும் எடுத்துவாருங்கள்.